எடுத்ததை முடித்த ஏந்தல்: டாக்டர் உ. வே. சாமிநாதையர்

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது நம் முன்னோர் வாய்மொழி. காட்டில் உள்ள மரங்களையெல்லாம் தட்டிப் பார்த்து வருபவனுக்குப் பொழுது போகுமேயன்றிப் பொருள் கிட்டாது. ஒரு மரத்தைத் தேர்ந்து, அதனை வெட்டி, அறுத்து, இழைத்துக் கதவாகவோ கட்டிலாகவோ ஆக்கி முடிப்பவனே தச்சன் எனப்படுவான். கல்வித் துறையிலும் இதுவே நியதி. ஒன்றை எடுத்து முடித்தவர்க்கே அடுத்தது எளிதாகிறது. இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்கியவர் தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றும் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஆவார். அவர் முதன்முதல் எடுத்து முடித்த பெரும்பணி நம் சமயக் காப்பியமாகிய சீவக சிந்தாமணியின் பதிப்பு. ஆதலின் அவர்தம் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் கடமையாகும்.

பிறப்பும் கல்வியும்

சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்திற்கு அருகிலுள்ள உத்தமதானபுரம் அவரது ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசையில் வல்லவர். தாயார் சரசுவதி அம்மாள். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன் என்பது. செல்வம் இல்லாத குடும்பம். மகனுக்குத் தமிழ் கற்பிக்கத்தக்க ஆசிரியரைத் தேடித் தந்தையார் ஊர்விட்டு ஊர் குடிபெயர்ந்தார். இறுதியில் 1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மகனைச் சேர்ப்பித்தார். சாமிநாதன் என்னும் பெயரை இட்டவர் அவ்வாசிரியரே. 1876ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பிள்ளையவர்கள் மறையும்வரை மாணாக்கர் அவரை விட்டுப் பிரிந்திலர். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் மடத்திலேயே கற்றும் கற்பித்தும் வந்தார்.

1880ஆம் ஆண்டு பிப்ரவரியில், தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றமையால் ஒழிந்த கும்பகோணம் அரசினர் கல்லூரித் தமிழாசிரியர் பதவி சாமிநாதையருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு அகவை இருபத்தைந்து. அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ், தலபுராணம் என அக்காலத்தில் புலவர் பயின்று வந்த நூல்களில் அவர் கல்லாதது சிலவே. தமிழ்க் கல்வியின் எல்லையைத் தாம் கண்டுவிட்டதாக அவர் எண்ணியிருந்தாலும் வியப்பில்லை.

ஒரு வினா

அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சாமிநாதையர் காணச் சென்றார். என்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவ, தாம் கற்ற நூல்களின் பெயர்களை அடுக்கினார் ஐயர். முதலியாரின் முகத்தில் மகிழ்ச்சிக் குறி தோன்றவில்லை. இந்நூல்களால் என்ன பயன் என்று கேட்ட அவர், சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று தொடர்ந்து வினவினார். ஐயர் அவற்றின் பெயர்களைக் கேட்டிருந்தார், படித்ததில்லை. பிறகு முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் படியைக் கொடுத்து, அதனைப் படித்துத் தமக்கும் பாடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

முதலியார் வினவியவை மூன்று நூல்கள். கைக்கு வந்தது ஒன்று. ஐயர் அந்த ஒன்றையே பற்றிக்கொண்டார். மற்றவற்றுக்குச் சுவடி தேடி அலையத் தொடங்கியிருந்தால் மூன்றும் கைகூடாமற் போயிருக்கும். 1880ஆம் ஆண்டு அக்டோபரில் கையில் எடுத்த சிந்தாமணி அச்சாகி முடிந்தது 1887ஆம் ஆண்டு அக்டோபரில். இடையில் முழுமையாக ஏழு ஆண்டுகள் கழிந்தன.

நம்மவர் இல்லங்களில்

சிந்தாமணி திருத்தக்கதேவர் அருளிய காப்பியம்; பதின்மூன்று இலம்பகங்களும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுட்களும் உடையது. நச்சினார்க்கினியர் உரையுடன் அதனைப் படிக்கத் தொடங்கிய ஐயருக்கு முதலிலேயே இடர் நேர்ந்தது. சைவ மடத்தில் வளர்ந்த அவருக்குச் சித்தர் வணக்கமும் அருகர் வணக்கமும் புதியன. சமயக் கொள்கைகளும் மரபுச் சொற்களும் அவர் அதுவரை கேட்டறியாதவை. ஊகித்துப் பொருள் கொண்டு மேலே செல்லப் பலர் துணிந்திருப்பர். ஐயரோ தெரிந்தவரைத் தேடிச் சென்று கேட்டார்.

தாம் வாழ்ந்த கும்பகோணத்திலேயே சைனக் குடும்பங்கள் இருப்பதை அவர் அறிந்தார். சந்திரநாத செட்டியார் என்னும் பெரியாரை அடுத்து ஐயங்களை ஒவ்வொன்றாகக் கேட்கலானார். ஒரு நாள் சைனர் ஒருவர் இல்லத்தில் விழாக்கோலம் கண்டு, திருமணமோ என்று வினவினார். அங்கு ஆறு திங்களாகச் சிந்தாமணி படனம் நிகழ்ந்ததென்றும் அன்று அது நிறைவெய்தியதென்றும் அதனையே கொண்டாடுகின்றனர் என்றும் அறிந்து பெருவியப்புற்றார். தமிழ்ப் புலவர் பலர் கண்ணாலும் கண்டிராத ஒரு நூலை இல்லறத்தார் குடும்பத்தோடு கூடியிருந்து, ஆறு திங்கள் ஓதிக் கேட்டு, நிறைவு நாளை மங்கல நாளாகக் கொண்டாடினர். வீடூர் அப்பாசாமி நயினார் முதலிய அறிஞர்களின் பழக்கமும் ஐயருக்கு வாய்த்தது. மணிப்பிரவாள நடையில் அமைந்த சமய நூற்செய்திகளை அவர்கள் வாயிலாகக் கேட்டு, சிந்தாமணியில் உரிய இடங்களிற் பொருத்தி உணர்ந்தார்.

நச்சினார்க்கினியரைப் பற்றியும் இத்தகைய செவிவழிச் செய்தி ஒன்று வழங்குகிறது. அவர் முதலில் எழுதிய உரையைச் சைனச் சான்றோர் ஏற்றுக்கொள்ளாமையால், சமய நூல்களை முறையாகக் கற்று மீண்டும் உரை வகுத்தார் என்பர். உரையாசிரியர் சென்ற அதே வழியில் பல நூற்றாண்டுகள் கழித்துப் பதிப்பாசிரியரும் சென்றார்.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. சமணத்தைப் பற்றிப் பொதுவாக ஏதேனும் சொல்லுங்கள் என்று ஐயர் கேட்டிருந்தால், நம் பெரியோர் பொதுவாகவே ஏதேனும் சொல்லியிருப்பர். அவரோ இச்செய்யுளில் இச்சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். கேள்வி குறுகியதாக இருந்தமையால் விடை ஆழமாகக் கிடைத்தது. ஒரு பாடவேளைக்கு ஒரு நோக்கமே இருத்தல் வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பித்தனர். அந்நெறியின் பயனை இங்கே தெளிவாகக் காண்கிறோம்.

ஏட்டுச் சுவடியின் இடர்கள்

இக்காலத்தார்க்கு ஏட்டுச் சுவடியின் இயல்பு தெரிந்திருக்க வழியில்லை. பனையோலையில் எழுத்தாணியால் எழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. இட்டால் ஓலை கிழியும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டப்படுவதில்லை. ரகரமும் துணைக்காலும் ஒன்று போலவே தோன்றும். சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் புலப்படாது. இவற்றோடு செல்லரித்த இடங்களும், முறிந்த ஓலைகளும், படி எடுத்தவர்கள் செய்த பிழைகளும் சேரும்.

இத்தகைய நிலையில் ஒரு சுவடியைக் கொண்டு உண்மைப் பாடத்தைத் துணிதல் இயலாது. ஆதலின் ஐயர் பல பிரதிகளைத் திரட்டினார். திருவாவடுதுறை மடத்திலிருந்தும், திருநெல்வேலிப் பகுதியிலிருந்தும், தஞ்சையில் ஒரு சைனர் இல்லத்திலிருந்தும் சுவடிகள் கிடைத்தன. ஒருவர் படிக்க மற்றவர் ஒப்புநோக்க, வேறுபாடுகளைக் குறித்து வைத்தனர். நச்சினார்க்கினியர் பெயர் சொல்லாமல் எடுத்தாண்ட மேற்கோள்கள் எந்நூலைச் சேர்ந்தவை என்று தேடியபோதுதான் சங்க நூல்களின் இருப்பிடம் ஐயருக்குப் புலனாயிற்று. மடத்துச் சுவடிக் கட்டுகளில் எட்டுத்தொகை, பத்துப்பாட்டு நூல்களைக் கண்டார்.

வேறொருவராயின் புதையல் கண்டவர் போல் அந்நூல்களிற் புகுந்து, எடுத்த பணியை இடையிலே விட்டிருப்பர். ஐயரும் அவற்றைப் படித்தார். சிந்தாமணிக்கு வேண்டியவற்றைக் குறித்துக்கொண்டார். ஆனால் சிந்தாமணி முடியும்வரை வேறொரு பழைய நூலை அச்சிற்கு எடுத்தாரல்லர்.

பிறர் வேண்டுகோளும் தம் உறுதியும்

அக்காலத்தில் பழந்தமிழ் நூற்பதிப்பில் முன்னோடியாக விளங்கியவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள். வீரசோழியத்தை 1881ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அவரே. சிந்தாமணியையும் தாமே அச்சிட விரும்பி, ஐயரிடமுள்ள குறிப்புகளையும் படிகளையும் வேண்டினார். அனுபவத்திலும் செல்வாக்கிலும் மிக்க ஒருவர் கேட்கும்போது, தொல்லை விட்டது என்று கொடுத்துவிடுவதே எளிய வழி. ஐயர் பெரிதும் மனம் கலங்கினார். ஆயினும் இப்பணியைத் தாமே முடிப்பது என்னும் உறுதியினின்றும் பிறழ்ந்திலர். பிள்ளையவர்களும் தம் தொண்டை வேறு நூல்களிற் செலுத்தி, நம் சமயக் காப்பியமாகிய சூளாமணியை 1889ஆம் ஆண்டில் வெளியிட்டு உதவினார். இருவரும் வெவ்வேறு பணிகளை மேற்கொண்டமையால் தமிழுக்கு இரு காப்பியங்கள் கிடைத்தன.

அதற்கு முன் சிந்தாமணியில் அச்சாகியிருந்தது நாமகள் இலம்பகம் மட்டுமே. 1868ஆம் ஆண்டில் பவர் என்னும் பாதிரியார் அதனை வெளியிட்டிருந்தார். நூல் முழுவதையும் உரையுடன் அச்சிட ஐயர் 1886ஆம் ஆண்டில் முற்பட்டார். அவர் 50 ரூபாய் மாத ஊதியத்தில் கல்லூரிப் பணியில் சேர்ந்தவர்; கையில் பொருளில்லை. முன்பணம் தருவோரிடம் கையொப்பம் பெற்றும், அன்பர்களின் துணையை நாடியும் பொருள் சேர்த்தார். விடுமுறை தோறும் கும்பகோணத்திலிருந்து சென்னைக்குச் சென்று அச்சுப் பிழை திருத்தினார். 1887ஆம் ஆண்டு அக்டோபரில் நூல் நிறைவெய்தியது. வித்திட்ட இராமசாமி முதலியார் அதன் விளைவைக் கண்டு மகிழும் பேறு பெற்றார்.

மறுப்பு எழுதாத மாண்பு

நற்பணி முடிந்தவுடன் பாராட்டுடன் பழியும் வருதல் உலக இயல்பு. சைவ மடத்தில் கற்றவர் சமண நூலை வெளியிடலாமோ என்று சிலர் குறை கூறினர். பதிப்பில் பிழைகள் மலிந்துள்ளன என்று கண்டனத் துண்டு அறிக்கைகளும் வெளிவந்தன. மனம் நொந்த ஐயர் மறுப்பு ஒன்று எழுதி, கல்லூரியில் உடனிருந்த சாது சேஷையரிடம் காட்டினார். அப்பெரியவர், கண்டனங்களுக்கெல்லாம் விடை எழுதப் புகுந்தால் உள்ள காலம் அதிலேயே கழியும் என்றும், செய்ய வேண்டிய நல்ல பணிகள் காத்திருக்கின்றன என்றும் அறிவுறுத்தினார். ஐயர் அவ்வறிவுரையை ஏற்றார், மறுப்பு வெளிவரவில்லை. உண்மையான பிழைகளைப் பின்வந்த பதிப்புகளில் அவரே திருத்தினார். சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907ஆம் ஆண்டிலும், மூன்றாம் பதிப்பு 1922ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

ஒன்றன்பின் ஒன்றாக

மறுப்பு எழுதுவதில் செலவாகாத காலம் அடுத்த நூலுக்கு உரமாயிற்று. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும், ஐங்குறுநூறு 1903இலும், பதிற்றுப்பத்து 1904இலும், பரிபாடல் 1918இலும், நம் சமயத்துக் கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதை 1924இலும், குறுந்தொகை 1937இலும் வெளிவந்தன. இடையிடையே புராணங்களையும் சிறு பிரபந்தங்களையும் அவர் பதிப்பித்ததுண்டு. ஏடு தேடும் பயணத்தில் கண்ணிற்பட்ட எதனையும் அவர் புறக்கணித்ததில்லை. எனினும் பெருநூல் ஒன்றை அச்சிற்குரியதாக எடுத்தபின், அதனை முடிக்கும்வரை அவர் எண்ணம் அதனைச் சுற்றியே நின்றது.

சிந்தாமணியில் கற்ற முறையே பின்னைய நூல்களுக்கும் வழி காட்டியது. சிந்தாமணிக்கு நம் பெரியோரை நாடியது போல, மணிமேகலையின் பௌத்தக் கருத்துகளை அறியக் கல்லூரி ஆசிரியர் ரங்காசாரியரை நாடினார். அம்முயற்சியின் பயனாகப் புத்தரின் வரலாறு, தருமம், சங்கம் ஆகியவற்றைப் பற்றிய உரைநடைப் பகுதிகள் அப்பதிப்பில் இடம் பெற்றன. பரிபாடலின் எழுபது பாடல்களில் இருபத்திரண்டே முழுமையாகக் கிடைத்தன. கிடைத்தவற்றைச் செப்பம் செய்து தந்தார். பெருங்கதையின் முதலும் முடிவும் கிடைக்கவில்லை. உள்ள பகுதி அழியாமல் காத்தார். முதல் நூலில் நச்சினார்க்கினியர் உரையைப் படித்து உணரவே திகைத்தவர், ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின், எண்பத்திரண்டாம் அகவையில், குறுந்தொகைக்குத் தாமே விரிவான உரை எழுதி வெளியிட்டார்.

1903ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிய அவர் 1919இல் ஓய்வு பெற்றார். 1906ஆம் ஆண்டில் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை அடைந்தன. 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1940ஆம் ஆண்டு முதல் தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதி வந்தார். உலகப் போரின் காரணமாகச் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்று தங்கியிருந்தபோது, 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் இயற்கை எய்தினார். அவ்வரலாறு நிறைவுறாமல் நின்றது. அவர் பெயரால் 1943ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நூல்நிலையம் சென்னைப் பெசன்ட் நகரில் அவர் திரட்டிய சுவடிகளைக் காத்து வருகிறது. 2006ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

நாம் கொள்ளத்தக்கது

எண்ணத்தை ஒரு பொருளில் நிறுத்துதலே தியானம் என்பது தத்துவார்த்த சூத்திரம் காட்டும் இலக்கணம். அவ்வாறு நிறுத்துதலும் ஒரு முகூர்த்தத்திற்கு உட்பட்ட காலமே இயலும் என்று அந்நூல் எல்லை வகுக்கிறது. மனித மனத்தின் வன்மையையும் மென்மையையும் ஒருங்கே அறிந்தவர் வாக்கு இது. மனம் விலகுதல் குற்றமன்று. விலகிய மனத்தை எடுத்த பொருளுக்கே மீண்டும் கொணர்தல் நம் கடன். சாமிநாதையரின் ஏழாண்டுகளும் அவ்வாறு மீண்டும் மீண்டும் ஒரு நூலுக்குத் திரும்பிய நாட்களின் தொகையே. வகுப்பு முடிந்தபின் சிறிது நேரம், விடுமுறையில் சில நாட்கள் என்று சேர்ந்ததுதான் அப்பெரும்பணி.

அன்று படனம் செய்த நம் முன்னோரும் இதே நெறியில் நின்றவர்களே. ஆறு திங்கள் ஒரே நூல். நிறைவில் ஒரு விழா. அவர்கள் பல நூல்களை மேலோட்டமாகப் புரட்டியிருந்தால், ஐயர் கேட்ட ஐயங்களுக்கு விடை சொல்ல அக்குடும்பங்களில் எவரும் இருந்திருக்கமாட்டார்.

இன்று நம் இல்லங்கள் பலவற்றில் படனம் நின்றுவிட்டது. பாட்டனார் எழுதிய நோட்டுப் புத்தகங்களும் பழைய ஏடுகளும் பரண்மீது கிடக்கின்றன. அவற்றையெல்லாம் ஒருங்கே காப்பாற்ற வேண்டும் என்று கூட்டங்களிற் பேசுகிறோம். பேச்சோடு கலைந்து செல்கிறோம். நம் வேண்டுகோள் சிறியது. குடும்பத்திற்கு ஒன்று, ஒரே ஒன்று எடுத்துக்கொள்வோம். ஒரு சுவடியைத் துடைத்து, அதன் பெயரையும் ஏடுகளின் எண்ணிக்கையையும் குறித்து வைப்போம். அல்லது சிந்தாமணியில் ஓர் இலம்பகத்தைப் பிள்ளைகளுடன் அமர்ந்து முதலிலிருந்து முடிவுவரை ஓதுவோம். அது நிறைவுறும்வரை வேறொன்றைத் தொடாதிருப்போம். நிறைவுறும் நாளில் வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டுவோம். காண்பவர் திருமணமோ என்று கேட்டால், நம் முன்னோர் சொன்ன அதே விடையை நாமும் மகிழ்வுடன் சொல்வோமாக.

அறம் வளர்க! தமிழ் வாழ்க!